கைப்பற்றப்பட்ட இருமல்கள்

"எங்க பாபா எதுல செத்தாருன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டர்" என்று விதாத் கேட்டபோது, அவளுடைய தகப்பன் லஸ்ஹர் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவருடைய இருமல் மட்டும் இன்னும் வீட்டில்தான் இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு, முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒருமுறை வரும். பத்தரைக்குத் தேநீர் ஆறுகிற நேரத்தில் சின்னதாக ஒன்று. மத்தியானம் இரண்டேகாலுக்கு, வேலை முடிந்து வந்து தலையணையில் சாய்கிற நேரத்தில் நீளமாக ஒன்று. ஜன்னலோரம் அவர் படுத்துக் கிடந்த மெத்தைக்கு ஒரு முழம் மேலே அது கேட்கும். உம் ஸித்ரா என்ற அந்த ஊரில் இதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. அந்த மலையடிவாரத்துக்குப் பாஸ்பேட் கழுவும் ஆலை வந்து அறுபது வருடமாகிறது. ஆலையில் வேலை பார்த்தவன் செத்தால் உடம்பு மண்ணுக்குப் போகும், இருமல் வீட்டில் தங்கும், அவ்வளவுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் எத்தனை அறை என்று கேட்ட கையோடு எத்தனை இருமல் என்றும் கேட்டுக்கொள்வார்கள். தென்கடைசித் தெருவில் மூன்று இருமல் உள்ள வீட்டில் பிறந்த குழந்தை ஒன்று, சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். வெளியூர் விருந்தாளி யாராவது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், "அது எங்க மாமனார், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் குஸ்குஸ் பரிமாறுவார்கள்.

ஊருக்கு அதிசயமாகப் பட்டது விதாத் கேட்ட கேள்விதான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆலைத் தொழிலாளி இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், ஊர்த்தலைவர் ஒரு தாளோடு வருவார். இறப்பு இயற்கையானது, யார் மீதும் குறை இல்லை என்று அதில் இருக்கும். குடும்பம் கையெழுத்துப் போட்டால் இறந்தவனின் இடத்துக்கு மகனின் பெயர் ஆலையின் வேலைப் பட்டியலில் ஏறும். ஒரு வருடமோ மூன்று வருடமோ கழித்து மகன் அதே தொப்பியை மாட்டிக்கொண்டு அதே வாசல் வழியாக உள்ளே போவான். ஆகவே எதனால் செத்தார் என்று மட்டும் எந்த வீட்டிலும் கேட்கக் கூடாது. விதாத்தின் உம்மா மப்ரூக்கா, கணவர் உயிரோடு இருந்தபோதே இதை மகளிடம் சொல்லிவிட்டாள். செத்த அன்றும் சொன்னாள், நாற்பதாம் நாள் மாலையும் சொன்னாள். "என்ன வேணாலும் பேசு, யாரோட வேணாலும் சண்டை போடு. அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுறாத. சப்ரி வாழ்க்கை அதுல இருக்கு." சப்ரி, விதாத்தின் தம்பி, அவளைவிட இரண்டு வயது இளையவன். நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு வருடமாக வேலைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவன்.

ஆனால் விதாத் படித்தவள். அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து, நுண்ணோக்கியில் நுரையீரல் திசுவைப் பார்த்துவிட்டு வந்து, ஐந்து வருடமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பனின் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளும் அவள்தான். கட்டாயச் சேவைக்காகத் தலைநகரிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், அவள் கேட்டதும் முதலில் ஜன்னலைச் சாத்தினார், பிறகு கதவைச் சாத்தினார்.

"இயற்கை மரணம்னு ஏற்கெனவே எழுதியாச்சேம்மா."

"அம்பத்து மூணு வயசுல ரத்தமா துப்பிச் செத்தா அது எந்த ஊரு இயற்கை?"

"மெதுவா பேசுங்க. நான் இன்னும் ஏழு மாசம் இங்க இருக்கணும்."

"நாங்க இங்கேயே இருக்கணும் டாக்டர்."

அவர் எழுதித் தரவில்லை. ஆனால் அவள் கேட்டுவிட்ட விஷயம் சாயங்காலத்துக்குள் காவல் நிலையம் வரை போய்விட்டது. எழுத மாட்டேன் என்கிறீர்களா, நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்று அவள் கிளம்பினாள். சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்த தாரிக்கும், புருஷனை இழந்த ஆறு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். விதாத்தும் அந்த ஆறு பெண்களும் வீடு வீடாகப் போய், ஒரு குவளை தேநீர் ஆறும்வரை உட்கார்ந்து இருமலைக் கேட்டு, பெயர், வயது, ஆலையில் எத்தனை வருடம், எந்தப் பிரிவு, எந்த நேரத்தில் இருமுகிறது என்று எழுதினார்கள். தாரிக் பழைய எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான்கு மாதத்தில் எட்டுப் பக்கம் ஆயிற்று. இருநூற்று அறுபத்தொரு இருமல்கள். அறுபது வயதைத் தாண்டிச் செத்தவர்களுடையவை பதினொன்றுதான். முதல் பக்கத்தைப் படியெடுத்து, தண்ணீர் பிடிக்க எல்லோரும் வரிசையில் நிற்கிற பெரிய தொட்டியின் சுவரில் ஒட்டினார்கள். "உம் ஸித்ரா சுகாதாரக் குழு" என்று கீழே எழுதி, பயந்து பயந்துதான், ஆனாலும் தன் பெயரை முழுதாகப் போட்டாள் விதாத்.

மத்தியானத்துக்குள் அதைக் கிழித்துவிட்டார்கள். மறுநாள் தாரிக்கைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கேட்டவர்களிடம் மட்டுமல்லாமல் கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னார். அதுதான் விதாத்துக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்தது. வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தம் தெருவில் கேட்டால் பொது அமைதிக்குக் குந்தகம், ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள் என்றார்கள். சத்தம் என்ன சத்தம் என்று அவர்கள் சொல்லவில்லை. அரசாங்கக் கணக்கில் அது காற்று. ஜூலை மாத வெயிலில் ஊரே ஜன்னலில் மெத்தையை அடைத்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தது. குழுவில் இருந்த ஆறு பெண்களில் நான்கு பேர் விதாத்தைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். ரொட்டி சுடுகிறவள் அவள் கையில் ரொட்டியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு இருந்தார்கள். மப்ரூக்கா திரைச்சீலை இடுக்கு வழியாகக் காருக்குக் கீழே குவிகிற தோலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் ஒரு பிடி இருந்தது. மூன்றாம் நாள் பூனை படுக்கிற அளவுக்கு ஆனது. நான்காம் நாள் ஊர்த்தலைவர் வந்து, சப்ரியின் நியமனக் கடிதம் தயாராகிவிட்டது, திங்கட்கிழமை சேரலாம், காவல் நிலையத்தில் ஒரு சின்னக் கையெழுத்துதான் பாக்கி என்றார். யாருடைய கையெழுத்து என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, ஒரு கையெழுத்துதானே?" என்றான் சப்ரி.

"உள்ள போனா இருபது வருஷத்துல நீயும் இந்த மெத்தைக்கு மேல இருமிட்டு இருப்படா."

"இருபது வருஷம் இருக்குல்ல? அதுக்குள்ள கல்யாணம் பண்ணி நாலு பிள்ளை பெத்துருவேன். இப்ப மட்டும் என்ன, சும்மா உக்காந்து தூசியைத்தானே தின்னுட்டு இருக்கேன்? அதுக்கு சம்பளமாவது குடுப்பான்."

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லித் தாள் வந்தது. எட்டுப் பக்கத்தையும் கையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தது.

நிலையத் தலைமை அதிகாரி அனிஸ் கடலோரத்துக்காரர். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உம் ஸித்ராவின் தண்ணீர் பட்டுத் தன் பல் பழுப்பாகிவிடும் என்று குடிதண்ணீரை ஊரிலிருந்து பாட்டிலில் வரவழைத்துக்கொள்வார். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த புபக்கர் உள்ளூர்க்காரன், ஆலைத் தொழிலாளியின் மகன். விதாத்துக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும் போலிருந்தது, கேட்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அனிஸ் எட்டுப் பக்கத்தையும் மேசைமேல் தட்டி அடுக்கினார்.

"பொய்ச் செய்தி பரப்புறதுக்கு அஞ்சு வருஷம், தெரியுமா?"

"பொய் எது சார்? நீங்களே கேக்குறீங்கல்ல தினமும்."

"நான் கேக்குறது காத்து." அவர் புபக்கர் பக்கம் திரும்பினார். "கைப்பற்றின பொருள் பதிவேட்டை எடு. ஒவ்வொண்ணா எழுது."

"ஐயா, காகிதம் எட்டுப் பக்கம்னு ஒரே வரியில போட்டுக்கலாமே" என்றான் புபக்கர். அவன் குரல் சரியாக இல்லை.

"ஒரு காகிதம்னா ஒரு குத்தம். இருநூத்தி அறுபத்தொரு பொய்னா இருநூத்தி அறுபத்தொரு குத்தம். சட்டம் எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா?"

"ஐயா, இந்த ஊருல அப்படி எழுத வேண்டாம்."

"எழுதுறா!"

அனிஸ் செய்த தவறு இதுதான். கடலோரத்துக்காரர் என்பதால் அது அவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் மூன்று கட்டங்கள் அச்சடித்திருக்கும்: பொருள், உரியவர், வைக்கப்பட்டுள்ள இடம். எண் போட்ட தனித்தாள்கள்; ஒன்றை இயந்திரத்தில் சொருகிப் புபக்கர் தட்டினான்: இருமல், ஒன்று. லஸ்ஹர் பின் அம்மார். இந்த நிலையம். பக்கம் முடிந்ததும் முத்திரை குத்தினான். உம் ஸித்ராவின் ஆண்கள் அறுபது வருடமாகத் தட்டச்சுத் தாளுக்கும் முத்திரைக்கும் பழகியவர்கள். ஆலை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தால் இன்றைக்குச் சல்லடையில் நிற்பவன் நாளைக்கு உலர்த்தும் உலைக்குப் போவான். ஏன் என்று கேட்டவன் கிடையாது. போகச் சொன்ன இடத்துக்கு, போகச் சொன்ன நேரத்தில் போய் நிற்பார்கள். செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முதல் முத்திரை விழுந்து சற்று நேரத்தில், பத்தரை மணிக்கு, கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முழம் உயரத்தில் லஸ்ஹர் இருமினார்.

அனிஸ் வராந்தாவைப் பார்த்து "யாருடா அது?" என்று கத்திவிட்டுத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். முப்பதாவது பெயரில் அவர் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. எண்பதாவது பெயரில் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குவளைகள் நகர ஆரம்பித்தன. நூற்றுப் பதினெட்டாவது பெயரைப் புபக்கர் அவர் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு தட்டினான்; அது அவனுடைய தகப்பன். அதற்குப் பிறகு அனிஸ் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தான் பயந்துவிட்டதை ஒரு பெண்பிள்ளை பார்த்துவிட்டாளே என்ற கோபத்தில் கடைசிவரை எழுத வைத்தார். முடிகிறபோது அந்த நிலையத்தின் இரண்டு அறைகளிலும் வராந்தாவிலும் லாக்கப்பிலும் இருநூற்று அறுபத்தொரு ஆண்கள், ஆள் இல்லாமல், ஷிப்டு மாறுகிற வாசலில் நிற்பதுபோல நெருக்கியடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்கள். அனிஸ் பதிவேட்டைக் கிழிக்கப் போனார். பக்கங்களுக்கு எண் போட்ட பதிவேடு அது. ஒரு பக்கம் குறைந்தால் அவர் வேலை போய்விடும். கையை எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஊரில் நடந்தது இன்னும் மோசம். நிலையத்தில் முத்திரை விழ விழ, வீடுகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. தென்கடைசித் தெருவில் அந்தக் குழந்தை வீறிட்டது. பெண்கள் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் இரண்டாம் முறை செத்ததுபோல இருந்தது என்று பின்னால் பலர் சொன்னார்கள். முதல் சாவுக்கு அழாதவர்கள்கூட அன்று அழுதார்கள். ஜன்னலில் அடைத்த மெத்தைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விதாத்தைக் கண்டு ஒதுங்கிய அந்த நான்கு பேரும் உட்பட, எல்லோரும் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. "எங்க ஆளைத் திருப்பிக் குடு" என்பது தவிர யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் விடுவிப்பு உத்தரவு எழுத வேண்டும். எழுதினால், இவை இருந்தன என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக ஆகும். அனிஸ் மேலிடத்துக்குப் போன் செய்தார். அவர் பேசியது மேலிடத்துக்குக் கேட்கவில்லை. பின்னணியில் என்ன சத்தம் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கடைசியில் அவர் ஒரு தாளைத் தட்டச்சு செய்ய வைத்து விதாத்தின் முன்னால் தள்ளினார். பட்டியல் முழுக்க என் கற்பனை, அப்படி எந்த இருமலும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, இனி இதைப் பற்றிப் பேசவோ எழுதவோ மாட்டேன். அதன் பக்கத்தில் சப்ரியின் நியமனக் கடிதத்தை வைத்தார். "போட்டா பத்து நிமிஷத்துல வீட்டுல இருப்ப. இல்லேன்னா வெளியில வண்டி நிக்குது, நேரா மாவட்டச் சிறை." முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அவருக்குக் காது வலித்தது.

புபக்கர் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் பேசினான். "தங்கச்சி, நல்லா யோசிச்சுக்கோ. தாள் என்ன சொல்லுதோ அதைத்தான் இங்க இருமுறவங்க கேப்பாங்க. நீ இல்லைன்னு கையெழுத்துப் போட்டு நான் முத்திரை குத்தினா, இவங்க இல்லாமப் போயிருவாங்க. வீட்டுக்கும் போக மாட்டாங்க. எங்கேயும் இருக்க மாட்டாங்க."

"போடலேன்னா?"

"இங்கேயே இருப்பாங்க. ஆதாரம்னு எழுதியாச்சு. ஆதாரத்தை யாரும் வெளியே விட முடியாது, அழிக்கவும் முடியாது. நீதான் போயிருவ."

அந்தச் சமயத்தில் மப்ரூக்காவை உள்ளே விட்டார்கள். மகளைச் சம்மதிக்க வைப்பதற்காகத்தான் விட்டார்கள். அவளும் அதற்காகத்தான் வந்திருந்தாள். "போட்டுத் தொலைடி. உன்னை அங்க என்ன பண்ணுவானுங்கன்னு உனக்குத் தெரியுமா? தாரிக் கையைப் பாத்தல்ல? எனக்கு ஒரு பொண்ணுதான் இருக்கு" என்று தொடங்கியவள், சுவரில் இருந்த கடிகாரத்தில் இரண்டேகால் ஆனபோது நிறுத்திவிட்டாள். அத்தனை இருமல்களுக்கு நடுவே அலமாரிப் பக்கத்தில் அந்த நீளமான இருமல் கேட்டது. மப்ரூக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அங்கே போனாள். தரையில் உட்கார்ந்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வந்த காரியத்தை அதற்குப் பிறகு பேசவில்லை.

விதாத் பேனாவை எடுத்தாள். ஐந்து வருடத்தை இருநூற்று அறுபத்தொன்றால் பெருக்கப் பார்த்து, பயத்தில் கணக்கு வராமல் விட்டுவிட்டாள். சிறையில் தன்னை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியாது. இரண்டில் எது மோசம் என்று சொல்ல முடியவில்லை. முற்றத்தில் நிற்கிற பெண்கள் கேட்பது இருமலை வீட்டுக்குத் தரச் சொல்லி. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அது அவர்களுக்குக் கிடைக்காது. போடாவிட்டால் இங்கேயாவது இருக்கும். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள்: "பட்டியல் உண்மை. எழுதியது நான்." தேதி போட்டு, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதிப் புபக்கரிடம் கொடுத்தாள்.

"முத்திரை குத்துங்க அண்ணே."

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு குத்தினான்.

பிறகு நடந்தவை ஊருக்குத் தெரிந்தவைதான். அனிஸ் ஆறு வாரத்தில் மாற்றல் வாங்கிப் போனார். அவருக்குப் பின் வந்த நான்கு அதிகாரிகளும் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார்கள். வியாழக்கிழமைகளில் மூன்றிலிருந்து ஐந்துவரை பார்வையாளர் நேரம் என்று ஒரு பலகை வைத்தார்கள். பெண்கள் தேநீர்க் கெண்டியோடு வந்து அவரவர் ஆள் இருக்கிற மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அந்த நிலையத்தில் யாரிடம் வாக்குமூலம் வாங்கினாலும் அதன் கீழே, "பின்னணியில் இருமல் கேட்டது" என்று ஒரு வரி சேர்ப்பது நடைமுறையாகிவிட்டது. மாவட்ட நீதிமன்றம் அதை ஒருமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை.

அன்றைக்கு அதெல்லாம் விதாத்துக்குத் தெரியாது. தெரிந்தது பயம் மட்டும்தான், அது குறையவில்லை. எழுந்து போய் உம்மாவின் தோளைத் தொட்டாள். உம்மா திரும்பவில்லை, கையை மட்டும் தூக்கி மகளின் விரலை ஒருமுறை இறுக்கிவிட்டு விட்டாள். வராந்தாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அனிஸ், புபக்கரின் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு வாசலில் இருந்த இரண்டு காவலர்களுக்குச் சைகை காட்டினார். முற்றத்து வெயிலில் கண் கூசியது. பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி ஏதோ திட்டினாள், இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். சுவரோரம் சப்ரி நின்றிருந்தான். என்ன செய்துவிட்டாள் என்பது அவனுக்கு அவள் நடையிலேயே தெரிந்துவிட்டது. அவள் நிற்கவில்லை. காவலர்கள் கையைப் பிடிக்க எட்டும் முன்பே அவள் வண்டியை நோக்கி நடந்தாள்.